இருபத்தேழாம் நம்பர்

கைக்குள் மூன்று சாக்பீஸ் துண்டுகள் இருந்தன. ஒரு சுற்று முடிந்ததும் ஒரு துண்டைக் கோல்கம்பத்தின் அடியில் போட்டுவிட வேண்டும், கை காலியானால் நடை முடிந்தது. செண்பகவல்லி டீச்சர் தானே யோசித்துச் செய்த ஏற்பாடு. ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கிளம்பும்போது எட்டுத் துண்டு எடுத்தாளா பத்து எடுத்தாளா என்பதுதான் மறந்துபோயிற்று. எட்டு என்றால் ஐந்து சுற்று முடிந்திருக்கிறது. பத்து என்றால் ஏழு. கம்பத்தடியில் கிடப்பதை எண்ணிப் பார்க்கலாம் என்றால் நேற்றுப் போட்டதும் முந்தாநாள் போட்டதும் அங்கேதான் சிதறிக் கிடக்கின்றன. இருபத்தெட்டு வருஷமாகக் கோவில்பட்டியில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், எட்டா பத்தா என்று தெரியாமல் ஸ்கூல் மைதானத்தில் வேர்க்க விறுவிறுக்க நின்றாள். நிற்கக் கூடாது. நின்றால் வேர்வை அடங்கிவிடும், பிறகு நடந்ததற்குப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். நடந்தாள். காலடியை எண்ணுகிற வாட்ச் ஒன்றைச் சென்னையிலிருந்து மகள் வாங்கி அனுப்பியிருந்தாள், அது பீரோவுக்குள் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. கணக்கு டீச்சருக்கு எண்ணித்தர ஒரு வாட்ச்சா என்று அன்றைக்குப் பெரிதாகச் சிரித்தாயிற்று. சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தால் வாய் கசந்தது. சரி, சுற்று போகட்டும், எட்டோ பத்தோ. பேர் வந்தால் போதும். அந்தப் பிள்ளையின் பேர். காலையில் கேட்டைத் தாண்டி உள்ளே வரும்போதே தனக்குத்தானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டிருந்தாள்: ஒன்பதுக்கு முதல் மணி அடிப்பதற்குள் அந்தப் பேர் ஞாபகத்துக்கு வந்துவிட்டால் தனக்கு ஒன்றுமில்லை, பத்தாம் வகுப்பை எப்போதும்போலத் தானே நடத்துவது. வராவிட்டால் நேரே எச்.எம். அறைக்குப் போய், பத்தாம் வகுப்புக் கணக்கை அந்தப் புது டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவது. யாரும் அவளைக் கேட்கவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி தன் தலைக்குள் இருப்பது இருக்கிறதா இல்லையா என்று தானே பரீட்சை வைத்துத் தானே திருத்திக்கொண்டிருந்தாள்.

போன சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் வீட்டு முன்ஹாலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெஞ்சு லேசாக முனகியது. கனத்த உடம்பு, முப்பத்து மூன்று முப்பத்து நான்கு வயதிருக்கும், செருப்பு வாருக்கு மேலே பாதம் உப்பிக்கொண்டு நின்றது, கையில் சுகர் பார்த்த சீட்டு. "டீச்சர், நல்லாருக்கீகளா?" என்றாள். செண்பகவல்லி திரும்பினாள். கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், பத்தாம் வகுப்பு பி பிரிவு, நான்காவது பெஞ்சில் ஜன்னலோரம், இருபத்தேழாம் நம்பர். காலாண்டில் இருபத்தொன்பது, அரையாண்டில் முப்பத்தொன்று, பொதுத்தேர்வில் நாற்பத்திரண்டு. மார்க் எல்லாம் மணிமணியாக வந்து நிற்கிறது. பச்சை ரிப்பன், மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை, உட்கார்ந்திருக்கும்போது பெஞ்சுக்கு அடியில் சும்மா இல்லாமல் தட்டிக்கொண்டேயிருக்கும் வலது குதிகால், எல்லாம் வந்துவிட்டது. பேர் மட்டும் வரவில்லை. "என்னையத் தெரியுதா டீச்சர்?" "ஏன் தெரியாம? நல்லாத் தெரியுதே." "அப்பப் பேரு சொல்லுங்க, பாப்போம்." அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், சோதிப்பதற்காகக் கேட்கவில்லை. செண்பகவல்லி இருமினாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். மறுபடியும் இருமினாள். இல்லாத இருமலை எவ்வளவு நேரந்தான் இழுக்க முடியும். அந்தப் பெண்ணே பாவம் பார்த்து வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலையாம், காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பதாம். "எந்திரிச்சா முட்டி பிடிச்சுக்கிருது டீச்சர். சுகரும் இந்த வயசுலயே வந்துருச்சு. டாக்டரு தினம் நடங்கன்னு சொல்லுதாக. நடக்கணுமாம், அதுவும் எனக்கு" என்றாள், சிரிப்பு மாறாமல். அதுவும் எனக்கு. அந்தச் சொல் செண்பகவல்லிக்கு உடனே புரியவில்லை, உள்ளே எங்கோ முள் தைத்த மாதிரி மட்டும் இருந்தது. அதற்குள் கம்பவுண்டர் பெண், "டோக்கன் பதினாலு" என்று கூப்பிட்டாள். தப்பித்தோம் என்று எழுந்து உள்ளே போனவள் திரும்பி வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

உள்ளே டாக்டர். அவளுக்கும் மகள் வயதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் வகுப்பில் நடந்ததைச் செண்பகவல்லி அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வது, போர்டில் எழுதிக்கொண்டு வந்தவள் வர்க்கமூலக் குறியைப் போட்டுவிட்டு நின்றுவிட்டாள். அதற்குள்ளே என்ன எழுத வேண்டும்? குறி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, உள்ளே போட ஒன்றுமில்லை. முதுகுக்குப் பின்னால் நாற்பத்தாறு பிள்ளைகள். விசிறி ஓடுகிற சத்தம். எவ்வளவு நேரம் நின்றாளோ, முன்பெஞ்சில் பதினொன்றாம் நம்பர் சன்னமாக, "பி ஸ்கொயர் மைனஸ்..." என்று எடுத்துக் கொடுத்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. டாக்டர் ஸ்கேன் எடுத்தாள், ரத்தம் எடுத்தாள், கடிகாரம் வரையச் சொன்னாள், ஐந்து பொருள் பெயரைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு படம் போட்டாள். "ஞாபகத்த எடுத்து வைக்கிற எடம் இதான் டீச்சர், கடல்குதிரை மாதிரி இருக்கும். வயசாக வயசாகக் கொஞ்சங்கொஞ்சமா இது சுருங்கும், எல்லாருக்கும்தான். பி.பி.யும் சுகரும் இருந்தா இன்னும் வேகமா. வேர்க்க நடக்குறவங்களுக்கு மூளைக்கு ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், சுருங்குறது மட்டுப்படலாம்." "நடந்தா சரியாயிருமா?" "உறுதியாச் சொல்ல மாட்டேன் டீச்சர். இப்பத்திக்குப் பயப்படுற மாதிரி ஒண்ணும் தெரியல. ஆனா நாப்பதுலயே ஆரம்பிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்." பிறகு பேனாவை மூடிக்கொண்டே, பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, "கடைசியா எப்ப ஓடுனீங்க டீச்சர்?" என்று கேட்டாள். ஓடுவதா? செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சீட்டை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

நாற்பதுலயே. நாற்பது வயதில் அவள் எங்கே இருந்தாள்? இதே ஸ்கூலில், அதோ மாடியில் மூன்றாவது ஜன்னல், காலை எட்டு மணி சிறப்பு வகுப்பு, சாயங்காலம் ஐந்தரை வரை சிறப்பு வகுப்பு, நடுவில் எட்டு பீரியடு. உட்கார்ந்து பேப்பர் திருத்துவது, நின்று போர்டில் எழுதுவது, இரண்டும்தான் உடம்புக்குத் தெரிந்த வேலை. உடம்பு என்பது மூளையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்கு வருவதற்காக ஆண்டவன் கொடுத்த சைக்கிள் என்று நினைத்திருந்தாள். காற்று இருந்தால் போதும், துடைக்கக்கூட வேண்டியதில்லை. பிள்ளைகளிடமும் அதைத்தான் சொல்வாள். "கால் ஓடுனா மூளை தூங்கிரும், ஒக்காந்து கணக்கப் போடு." எத்தனை வருஷம் சொன்னாள், எத்தனை பிள்ளைகளிடம் சொன்னாள். அந்தச் சொல்லெல்லாம் போய் எங்கே தங்கியிருக்கும்? ஒரு பிள்ளையாவது அதை நம்பாமல் இருந்திருக்கக் கூடாதா? இந்த மைதானத்தில் பத்தாம் வகுப்புக்கென்று ஒரு பீரியடு உண்டு, வியாழக்கிழமை ஏழாவது பீரியடு, கால அட்டவணையில் பி.டி. என்று அச்சாகியிருக்கும். அட்டவணையில்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், போர்ஷன் முடியவில்லை, ஒரே ஒரு வாரம் தாருங்கள் என்று பி.டி. சார் சீனிராஜிடம் போய் நின்றாள். அவரும் கொடுத்தார். அடுத்த வாரமும் கேட்டாள். மூன்றாம் வருஷத்திலிருந்து கேட்க வேண்டியதில்லாமல் போயிற்று, வியாழக்கிழமை காலையில் அவரே வந்து, "ஏழாவது பீரியடு உங்களுக்குத்தான டீச்சர்?" என்பார், இவள் தலையாட்டுவாள். ஊரில் எல்லா ஸ்கூலிலும் நடக்கிறதுதான், இவள் ஒருத்தி கண்டுபிடித்ததில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஒன்பது வருஷம் கேடயம் வாங்கினாள். கேடயங்களெல்லாம் எச்.எம். அறையில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஒன்பதா, பத்தா?

மூச்சு வாங்கியது. வடக்கு மூலையில் வேப்பமரத்து நிழல், அங்கே மட்டும் மண் குளிர்ந்து கிடக்கும். பேர், பேர். மகரத்தில் தொடங்கும், அது நிச்சயம். இருபத்தேழு என்றால் வருகைப்பதிவேட்டில் அந்த வாக்கில்தான் வரும். மகேஸ்வரி. இல்லை. மல்லிகா, மங்கையர்க்கரசி, மீனா. இல்லை, இல்லை. ஒவ்வொரு பேரையும் அந்த முகத்தின்மேல் வைத்துப் பார்த்தாள், அளவு தப்பிய ரவிக்கை மாதிரி ஒன்றும் உட்காரவில்லை. இருபத்தாறு யார்? உயரமானது, கோவில் தெருப் பிள்ளை, எண்பத்தெட்டு மார்க். இருபத்தெட்டு, திக்குவாய், ஆனால் ஜாமெட்ரியில் கெட்டி. எல்லாரையும் தெரிகிறது. தெரிகிறதே, அப்புறம் என்ன? தமிழம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ. ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை தமிழம்மா இஸ்திரி போட்ட சேலையும் டிபன் டப்பாவுமாக வந்து பிரேயரில் வரிசையில் நின்றுகொண்டாள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிரேயர் முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து செய்யுளைச் சொல்ல ஆரம்பித்தாள், ஒரு சீர் தப்பாமல் சொன்னாள். மகன் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்போது, "மணி அடிக்கலயேடா" என்று கேட்டாள். அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் அழுதார்கள். செண்பகவல்லி அழவில்லை. மனப்பாடம் பண்ணுகிறவர்களுக்குத்தான் அப்படி ஆகும், கணக்குப் போடுகிற மூளைக்கு ஒன்றும் வராது என்று மனசுக்குள் ஒரு திமிர். அந்தத் திமிரைத்தான் இப்போது சுற்றிச் சுற்றி வந்து வேர்வையாக வடித்துக்கொண்டிருந்தாள். கோல்கம்பம் வந்தது. ஒரு துண்டைப் போட்டாள். கையில் இரண்டு.

கடைசியாக எப்போது ஓடினாள்? அதையாவது கண்டுபிடிக்கலாம். பஸ்ஸுக்கு ஓடியதில்லை, வீடு நடக்கிற தூரம். மகள் மாடிப்படியில் உருண்ட அன்றைக்கு ஓடினாளா, இல்லை, அன்றைக்குக் கால் வராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், அவள் வீட்டுக்காரர்தான் ஓடினார். கல்யாணத்துக்கு முன்னால்? ஏழாம் வகுப்பில் கொக்கோ ஆடியிருக்கிறாள், உட்கார்ந்திருக்கிறவள் முதுகில் தட்டுவதற்குள் எழுந்து பாய்வாள், ஊளைமூக்கு ஒழுகினாலும் துடைக்க நேரமிருக்காது. பெரியமனுஷியானதும் அம்மா பாவாடைக்குமேல் தாவணியைச் சுற்றி, இனிமேல் அலுங்காமல் நட என்று ஒரு சொல் சொன்னாள். ஒரே சொல்தான். அதோடு கால் அலுங்கவில்லை. கேட்டதும் அப்படியே விட்டுவிட்டோமே, ஒரு தடவையாவது முரண்டு பிடித்திருக்கலாமே. அப்படியானால் பன்னிரண்டு வயதில் கடைசி ஓட்டம். டாக்டரிடம் போய் நாற்பது வருஷமாயிற்று என்று சொல்லலாம். இல்லை. அதற்கப்புறமும் ஒரு தடவை ஓடியிருக்கிறாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடின ஞாபகம் இருக்கிறது, தாவணி இல்லை, சேலைதான், வாடாமல்லிக் கலர்ச் சேலை. காதில் கூச்சல். யார் கூச்சல்? பிள்ளைகள், ஜன்னலில் முட்டி மோதிக்கொண்டு. எந்த ஜன்னல்? அதோ அந்த ஜன்னல்தான். ஓடியது இந்த மைதானத்தில், இப்போது நடக்கிற இதே பக்கமாக. கால் தானாக மெதுவானது. கோல்கம்பத்துக்குப் பத்தடி இந்தப் பக்கம், மண் கொஞ்சம் மேடாக இருக்கிற இடம். வலது முழங்காலில் இன்றைக்கும் ஒரு தழும்பு உண்டு, எண்ணெய் தேய்க்கும்போது விரலில் தட்டும். அது எங்கே பட்டதென்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

வியாழக்கிழமை, ஏழாவது பீரியடு. வேறு எந்த நாளாக இருக்கும். சீனிராஜ் சார் வகுப்பு வாசலில் வந்து நின்றார், உள்ளே காலை வைக்காமல். "டீச்சர், ஜில்லா ஹாக்கி செலக்‌ஷனுக்குத் தூத்துக்குடியில இருந்து வந்திருக்காக. எல்லாரும் வேண்டாம் டீச்சர். இந்தப் பிள்ளைய மட்டும் அரை மணி நேரம் விடுங்க." இந்தப் பிள்ளைய என்றா சொன்னார்? பேரைச் சொல்லித்தான் கேட்டார், பேரைச் சொல்லித்தான் கேட்டிருப்பார். செண்பகவல்லி கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த வாசலைப் பார்த்தாள். வாசலில் அவர் நிற்கிறார், கழுத்தில் விசில் தொங்குகிறது, வாய் அசைகிறது, அந்த இடத்தில் மட்டும் சத்தம் இல்லை. தான் சொன்னது தெளிவாகக் கேட்கிறது, பாழாய்ப்போன அது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. "முப்பதுக்குக் கீழ எடுத்தது வகுப்புலயே இவ ஒருத்திதான் சார். ஓடி என்னத்தக் கிழிக்கப் போறா?" பிள்ளைகள் சிரித்தார்கள். சார் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். இருபத்தேழு ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டது, பெஞ்சுக்கு அடியில் குதிகால் தட்டிக்கொண்டேயிருந்தது. வெளியே விசில் சத்தம். ஒரு விசில், இரண்டு விசில். மூன்றாவது விசிலுக்கு அந்தப் பிள்ளை எழுந்து, நோட்டு அப்படியே கிடக்க, கதவு வழியாகப் பாய்ந்துவிட்டது. வகுப்பை விட்டு ஒரு பிள்ளை ஓடுவதா, அதுவும் தன் வகுப்பை விட்டு? ஆத்திரத்தில் சேலையைச் செருகிக்கொண்டு இவளும் ஓடினாள். படி இறங்கி ஓடினாள், மைதானத்தில் ஓடினாள். முப்பத்து மூன்று வயதில் கால் அப்படி ஓடும் என்று அவளுக்கே தெரியாது. சொன்னால் வெட்கம், நடுவில் நாலைந்து அடி தூரம் அந்த ஆத்திரம்கூட மறந்துபோய், காற்று காதில் இரைய, நெஞ்சு திறந்துகொண்ட மாதிரி இருந்தது. பிள்ளையைப் பிடிக்க முடியுமா? அது எங்கோ போய்விட்டது, கோட்டுக்குப் பக்கத்தில், அங்கே நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், இன்னும் இருபது அடி போனால் போதும். இவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கத்திக்கொண்டே அந்த மேட்டில் கால் இடறி விழுந்தாள். அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்தது. ஒரு நிமிஷம் நின்றது. அந்தப் பக்கம் பார்த்தது, இந்தப் பக்கம் பார்த்தது. பிறகு போன வேகத்திலேயே திரும்பி ஓடி வந்தது. "டீச்சர், அடிபட்ருச்சா டீச்சர்?" என்று கேட்டு, சேலை மண்ணைத் தட்டிவிட்டு, தோளைக் கொடுத்துத் தூக்கியது. செண்பகவல்லி அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வகுப்புக்குத் திரும்பினாள். அவ்வளவு நொண்ட வேண்டியதில்லை. சிராய்ப்புத்தான். விட்டால் ஓடிவிடும் என்றுதான் அந்தப் பிடி பிடித்திருந்தாள். படியேறி முடிக்கிறவரை நொண்டினாள். அந்தப் பிள்ளை ஒரு தடவைகூடத் திரும்பி மைதானத்தைப் பார்க்கவில்லை.

என்ன சொல்லிக் கத்தினாள்? ஓடுகிற பிள்ளையை நிறுத்தக் கத்துகிறவள் பேரைச் சொல்லித்தானே கத்துவாள். அந்தச் சத்தம் இந்த மைதானத்தில்தான் கேட்டது, இங்கே நின்று காதைக் கொடுத்தால் வந்துவிடும். வந்துவிட்டால் பந்தயம் ஜெயித்தது, பத்தாம் வகுப்பு தன்னுடையது, கடல்குதிரை பத்திரமாக இருக்கிறது. சொல்லு, என்ன சொல்லிக் கூப்பிட்டாய்? வாயைத் திறந்தாய், மூச்சை இழுத்தாய், கத்தினாய். வந்தது. முழுசாக, தன் குரலிலேயே, முப்பத்து மூன்று வயதுக் குரலில் வந்தது. "ஏ இருபத்தேழு, நில்லு. இருபத்தேழு."

"என்ன டீச்சர், நின்னுட்டீக. எட்டுச் சுத்துதான முடிஞ்சிருக்கு." சீனிராஜ் சார் வேப்பமரத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது, நிமிர்ந்த உடம்பு, கழுத்தில் அதே மாதிரி விசில். தினம் அவள் நடக்கிறபோது தூரத்தில் எங்காவது நின்று சுற்றை எண்ணிக்கொண்டிருப்பார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. "சார், ரெண்டாயிரத்து ஆறுல, செலக்‌ஷன் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள். மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. "மாரிக்கனி" என்றார் அவர். யோசிக்கவில்லை, நெற்றியைத் தேய்க்கவில்லை. "லெஃப்ட் விங்கு. அந்த மாதிரிக் கால இந்த கிரவுண்டுல அதுக்கப்புறம் நான் பாக்கல டீச்சர்." மாரிக்கனி. செண்பகவல்லி அந்தப் பேரை முகத்தின்மேல் வைத்துப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்தது. ஆனால் மறந்தது திரும்பி வரும்போது மண்டைக்குள் ஒரு கதவு திறந்துகொள்ளுமே, அது திறக்கவில்லை. புதிதாக ஒருத்தர் பேரை இப்போதுதான் கேட்கிற மாதிரி இருந்தது. "எனக்கு அவ பேரு வரவே மாட்டேங்குது சார். அஞ்சு நாளா யோசிக்கேன். தலை போயிருச்சோன்னு பயந்துட்டேன்." சார் அவளைத் தேற்ற வேண்டும் என்றுதான் சொன்னார், அந்த மனிதருக்கு ஒரு ஈயைக்கூட நோகடிக்கத் தெரியாது. "நீங்க எங்க டீச்சர் பேரச் சொல்லிக் கூப்பிட்டீக, மறக்குறதுக்கு? எல்லாரையும் நம்பர்தான? பிள்ளைகளே அவுகளுக்குள்ள சொல்லிச் சிரிக்கும். பயப்படாதீக, மறதியெல்லாம் ஒண்ணுமில்ல."

மறதியெல்லாம் ஒண்ணுமில்ல. பேரில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கும், சாமி ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ணில் ஒன்றும் ஒட்டாது, எல்லாப் பிள்ளையும் ஒன்று என்று நினைத்துத்தான் நம்பரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்; பொய்யில்லை, அப்போது அப்படித்தான் நினைத்தாள். மறந்திருந்தால் அது வியாதி. வியாதிக்கு டாக்டர் இருக்கிறாள், மாத்திரை இருக்கிறது, வேர்க்க வேர்க்க நடக்கலாம். உள்ளே எடுத்தே வைக்காத ஒன்றை எந்த நடை நடந்து எடுப்பது? இந்த ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்வரை எதற்குப் பயந்து செத்தாளோ அதுவாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு. விழுந்தவளைத் தூக்க ஓடி வந்த பிள்ளை. அந்தக் கால் இப்போது செருப்புக்குள் அடங்காமல் வீங்கிக் கிடக்கிறது. பேரைச் சொல்லுங்க பாப்போம் என்று சிரித்துக்கொண்டு கேட்டபோது அவளுக்குத் தெரிந்திருக்கும், டீச்சருக்குத் தெரியாது என்று. தெரிந்தேதான் கேட்டிருப்பாள், இப்போதாவது சொல்லிவிட மாட்டாளா என்று ஒரு ஆசை.

சார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். எதற்கு நிற்கிறார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. இன்றைக்கு வியாழக்கிழமை. "ஏழாவது பீரியடு உங்களுக்குத்தான டீச்சர்?" என்றார், வழக்கம்போல. "இல்ல சார்" என்றாள். "நீங்களே வச்சுக்கோங்க. இன்னைக்கும் அடுத்த வாரமும். பரீட்சை வரைக்கும் நீங்களே வச்சுக்கோங்க." அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவர் திகைத்துப்போய், ஸ்டோர் ரூம் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பிடரியைச் சொறிந்தார். "பந்துல காத்து இல்லையே டீச்சர். பத்தாங்கிளாசு எங்க வரப்போகுதுன்னு ஜூன்ல இருந்து அடிக்கவே இல்ல" என்றார். பிறகு தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வேகமாக ஸ்டோர் ரூமுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பம்பு அடிக்கிற சத்தம் வந்தது. துருப்பிடித்த பம்பு. புஸ் புஸ் என்று பாதிக் காற்று வெளியேதான் போய்க்கொண்டிருந்தது.

முதல் மணி அடித்தபோது இரண்டு சாக்பீஸும் கையில்தான் இருந்தன. பந்தயத்தில் ஜெயித்தாளா தோற்றாளா? பேர் வந்தது, ஆனால் அவளிடமிருந்து வரவில்லை. இடது பக்கம் திரும்பினால் எச்.எம். அறை, கண்ணாடிக்குள் கேடயங்கள். வலது பக்கம் மாடிப்படி. படிக்கட்டின் அடியில் கொஞ்ச நேரம் நின்றாள். தலை பத்திரமாக இருந்தால் வகுப்பு தனக்கு என்றுதான் பந்தயம் கட்டினாள். தலை பத்திரமாகத்தான் இருக்கிறது, அது ஒரு ஆறுதலாகவே இல்லை. வலது பக்கம் திரும்பி, முழங்கால் வலிக்க வலிக்க ஏறினாள். பத்தாம் வகுப்பு பி எழுந்து நின்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தது. வருகைப்பதிவேட்டைத் திறந்தாள். வாய் பழக்கத்தில் ஒன்று என்று சொல்லக் குவிந்தது. அடக்கிக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்து, முதல் வரியில் இருந்ததைப் படித்தாள். "அனுசியா." யாரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வராதவளாக இருக்குமோ என்று நினைத்து மறுபடியும் ஒரு தடவை, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். இரண்டாவது பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்த பிறகு ஒரு மெலிந்த பிள்ளை, என்ன தப்புச் செய்தோமோ என்ற முகத்தோடு மெல்ல எழுந்து நின்றது.

"என்னையவா டீச்சர்?" என்று கேட்டது.